காடைக்குக் குளிரா, இருட்டா?

மார்கழி பிறந்ததும் திண்டுக்கல் வட்டாரத்தில் காடை வளர்க்கும் வீடுகளில் ஒரு குறை கேட்கும். "போன மாதம்வரை ஐந்து காடையும் தவறாமல் முட்டையிட்டன. இப்போது நாளுக்கு இரண்டு கிடைத்தால் பெரிது. பாவம், குளிர் தாங்கவில்லை" என்பார்கள். உடனே கூண்டைச் சுற்றிச் சாக்கைக் கட்டுவார்கள். அதன்மேல் பாலிதீன் தாளைச் சுற்றுவார்கள். அதுவும் போதாதென்று சிலர் சட்டியில் கரி நெருப்பிட்டுக் கூண்டருகே வைப்பார்கள். ஒரு வாரத்தில் முட்டை இன்னும் குறையும். சில வீடுகளில் காடையே குறையும்!

காடைக்குக் குளிர்கிறது என்று நமக்கு யார் சொன்னார்கள்? நமக்குக் குளிர்கிறது, ஆகையால் அதற்கும் குளிரும் என்று எண்ணிவிட்டோம். அறிவியல் படிக்கும் நீங்கள் அவ்வாறு எண்ணலாமா? முதலில் வெப்பமானியைப் பாருங்கள்.

திண்டுக்கல் நகரமும், அதைச் சூழ்ந்த சமவெளியும் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் உள்ளவை. இங்கே மார்கழி, தை மாத இரவுகளில் வெப்பநிலை பெரும்பாலும் 20 டிகிரி செல்சியசை ஒட்டியே நிற்கும். பகலில் 30-ஐ நெருங்கும். இறகு முழுவதும் முளைத்த காடைக்கு மிகவும் ஏற்ற வெப்பநிலை எது தெரியுமா? 20 முதல் 25 டிகிரி. அதாவது, நாம் போர்வையைத் தேடும் அதே இரவு காடைக்கு இதமான இரவு. சித்திரை, வைகாசி வெயிலில்தான் அது வாயைத் திறந்து மூச்சு வாங்கித் தவிக்கிறது.

அப்படியானால் முட்டை ஏன் குறைந்தது? காரணம் குளிரன்று, பெரும்பாலும் இருட்டு. அதை விளக்குமுன், இந்தப் பறவை எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம்.

நம் வீட்டுக்கு வந்த விருந்தாளி

திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள மானாவாரி நிலங்களிலும் புதர்க் காடுகளிலும் திரியும் காட்டுக் காடை வேறு. கூண்டில் வளர்க்கும் காடை வேறு. கூண்டில் இருப்பது ஜப்பானியக் காடை. ஜப்பான் நாட்டினர் இதன் குரலுக்காகவே இதை நெடுங்காலம் வளர்த்து வந்தனர். முட்டைக்காக வளர்க்கத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். இந்தியாவுக்கு இது 1974-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலிருந்து உத்தரப் பிரதேசத்திலுள்ள இஸத்நகர் ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்து சேர்ந்தது. பின்னர் தமிழ்நாட்டிலும் ஆராய்ச்சிகள் நடந்து, 'நந்தனம் காடை' போன்ற வகைகள் உருவாயின. வயல்வெளியில் கண்ணி வைத்துப் பிடிக்கப்படும் காட்டுக் காடைகள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளவை. சந்தையில் யாராவது அதைக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

ஜப்பானியக் காடை வளர்ந்தபின் 150 முதல் 200 கிராம் எடை இருக்கும். ஆறு அல்லது ஏழு வாரத்திலேயே முட்டையிடத் தொடங்கிவிடும். முட்டை ஒன்று 10 முதல் 12 கிராம். ஒரு சிறு கணக்குப் போடுங்கள். 180 கிராம் காடை 11 கிராம் முட்டை இடுகிறது. தன் எடையில் நூற்றுக்கு ஆறு பங்கு! 1600 கிராம் கோழி 55 கிராம் முட்டை இட்டால் அது நூற்றுக்கு மூன்றரைப் பங்குகூட இல்லை. இவ்வளவு பெரிய செலவை நாள்தோறும் செய்யும் பறவை, 'இப்போது முட்டையிடும் காலம்தானா?' என்று ஏதாவதொரு குறிப்பைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அந்தக் குறிப்பே பகலின் நீளம்.

மண்டைக்குள் நுழையும் வெளிச்சம்

குளிர்நாடுகளில் குஞ்சுகளுக்கு இரை கிடைப்பது வசந்த காலத்திலும் கோடையிலும்தான். வெப்பநிலை ஒரு நாள் ஏறும், மறுநாள் இறங்கும், அதை நம்பமுடியாது. பகலின் நீளமோ ஆண்டுதோறும் ஒரே ஒழுங்கில் கூடும், குறையும். ஆகவே பறவைகள் அதையே நாட்காட்டியாகக் கொண்டன.

இதில் வியப்பு என்னவென்றால், காடை பகலின் நீளத்தை அளப்பதற்குக் கண்ணை நம்பியிருக்கவில்லை! 1930-களில் பிரெஞ்சு அறிஞர் ஜாக் பெனுவா வாத்துகளை வைத்துச் செய்த ஆய்வுகளில், கண் இல்லாத வாத்துக்கும் நீண்ட வெளிச்சம் கிடைத்தால் இனப்பெருக்கச் சுரப்பிகள் வளர்வதைக் கண்டார். வெளிச்சம் இறகு, தோல், மண்டையோடு ஆகியவற்றைக் கடந்து மூளைக்குள்ளேயே விழுகிறது. மூளையின் அடிப்பகுதியில் ஹைபோதலாமஸ் என்னும் இடத்தில் ஒளியை உணரும் உயிரணுக்கள் இருக்கின்றன. காடையில் அப்படிப்பட்ட ஒளியுணர் பொருள்களுள் ஒன்றான 'ஆப்சின்-5' என்பதை ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் தகாஷி யோஷிமுராவின் குழுவினர் 2010-இல் அறிவித்தனர்.

மண்டையோட்டைக் கடந்து ஒளி செல்லுமா என்று ஐயமா? இருட்டறையில் ஒரு கைவிளக்கின் முகத்தை உங்கள் விரல்களால் மூடிக்கொண்டு பாருங்கள். விரல்கள் செக்கச் செவேலென்று ஒளிரும். தசையை ஊடுருவிவரும் ஒளியில் சிவப்பே மிகுதி. காடையின் மண்டையோடு மிக மெல்லியது. அதனால் மஞ்சளும் சிவப்பும் கலந்த சாதாரண விளக்கொளியே அதன் மூளைக்குச் செய்தி சொல்லப் போதும். பிறகு அங்கிருந்து பிட்யூட்டரி சுரப்பிக்கு ஆணை போகிறது, பிட்யூட்டரி சுரக்கும் ஹார்மோன்கள் இரத்தத்தின் வழியே முட்டைப்பையை அடைகின்றன, முட்டை உருவாகிறது.

1969-இல் ஃபாலெட், ஷார்ப் என்ற இரு அறிஞர்கள் காடைகளை வைத்து அழகான சோதனை ஒன்றைச் செய்தனர். காடைகளுக்கு நாளொன்றுக்கு 6 மணி நேரம் மட்டுமே வெளிச்சம் கொடுத்தனர். பிறகு நீண்ட இருள். அந்த இருளுக்கு நடுவே, ஒவ்வொரு குழுவுக்கும் வெவ்வேறு நேரத்தில், வெறும் 15 நிமிடம் விளக்கேற்றினர். எல்லாக் குழுக்களும் பெற்ற மொத்த வெளிச்சம் ஒன்றே: ஆறே கால் மணி. ஆயினும், 'விடிந்து' சுமார் 12 முதல் 16 மணி நேரத்துக்குள் அந்தக் கால் மணி வெளிச்சத்தைக் கண்ட பறவைகளில்தான் இனப்பெருக்கச் சுரப்பிகள் நன்கு வளர்ந்தன. மற்ற நேரத்தில் கண்டவற்றில் அவ்வளவு பயனில்லை. காடைக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது என்பதும், அது மாலை நேரத்தில் மட்டும் ஒரு சன்னலைத் திறந்து 'வெளியே இன்னும் வெளிச்சம் இருக்கிறதா?' என்று எட்டிப் பார்க்கிறது என்பதும் இதிலிருந்து தெரிகின்றன. வெளிச்சம் இருந்தால் நீண்ட பகல், முட்டையிடலாம். இருட்டாக இருந்தால் குறும்பகல், பொறுத்திருக்கலாம்.

திண்டுக்கல்லின் பகல்

இனி நம் ஊருக்கு வருவோம். திண்டுக்கல் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 10 டிகிரிக்குச் சற்று மேலே இருக்கிறது. இங்கே டிசம்பர் 22-ஐ ஒட்டிச் சூரியன் காலை 6-30-க்கு எழுந்து மாலை 6-02 அளவில் மறைகிறது. பகல் ஏறத்தாழ பதினொன்றரை மணி. ஜூன் 21-ஐ ஒட்டிப் பகல் 12 மணி 43 நிமிடம். இரண்டுக்கும் வேறுபாடு ஒரு மணிக்குச் சற்று அதிகம், அவ்வளவே. இஸத்நகரில் டிசம்பர் பகல் சுமார் 10 மணி 20 நிமிடம்தான். ஜப்பானில் காடைப் பண்ணைகளுக்குப் பெயர்பெற்ற டொயோஹாஷியில் 10 மணியும் இல்லை. அங்கெல்லாம் விளக்கு வைக்காவிட்டால் குளிர்காலத்தில் காடை முட்டையை அறவே நிறுத்திவிடும்.

காடையின் 'நீண்ட பகல்' எங்கே தொடங்குகிறது? ஏறத்தாழ பதினொன்றரை மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் இடையில். நம் ஊரின் மார்கழிப் பகலும் அதே எல்லைக்கோட்டில்தான் நிற்கிறது! ஆகையால், திறந்த முற்றத்தில் இருக்கும் கூண்டில் அந்திவெளிச்சமும் சேர்ந்து காடை ஓரளவு முட்டையிட்டுக் கொண்டிருக்கும். மாட்டுக் கொட்டகையின் மூலையில் இருக்கும் கூண்டுக்கோ விடிவது ஏழு மணிக்கு, இருட்டுவது ஐந்தரைக்கு. போதாக்குறைக்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை மேகம் மூடிக்கொள்ளும். அந்த அரை மணி, முக்கால் மணிதான் முட்டையைத் தின்றுவிடுகிறது. இந்த நிலையில் குளிருக்கென்று கூண்டைச் சுற்றிச் சாக்குக் கட்டினால் என்ன ஆகும்? இருக்கிற வெளிச்சமும் போய்விடும். நோய்க்கு மருந்தென்று நோயையே கொடுத்த கதைதான்.

பரிகாரம் மிக எளிது. மாலையில் கூண்டருகே ஒரு சிறு விளக்கை எரியவிடுங்கள். காலை ஆறரை முதல் கணக்கிட்டு மொத்தம் 14 மணி நேரம் வெளிச்சம் கிடைக்க வேண்டுமானால், இரவு எட்டரை வரை விளக்கு இருந்தால் போதும். முட்டை வியாபாரம் செய்யும் பண்ணைகளில் 16 மணி நேரம் கொடுப்பார்கள். ஆசைக்கு ஐந்தாறு காடை வளர்க்கும் நமக்கு 14 போதும். பிரகாசமான விளக்கும் வேண்டாம். காடையின் தலை இருக்கும் இடத்தில் ஒரு செய்தித்தாளைப் பிடித்தால் எழுத்துகள் தெரியும் அளவு ஒளி போதும். நீங்கள் தாழ்வாரத்தில் உட்கார்ந்து பாடம் படிக்கிறீர்களா? கூண்டை அங்கேயே வைத்துவிடுங்கள். உங்கள் படிப்புக்கு எரியும் விளக்கே காடைக்கும் ஆகும்.

ஆனால் ஒன்று: நேரம் தவறக்கூடாது. இன்று ஒன்பது மணி, நாளை ஆறு மணி என்று மாற்றினால் உள்ளிருக்கும் கடிகாரம் குழம்பும். ஒரு நாள் மின்தடை வந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. விடிய விடிய விளக்கை எரியவிடுவதும் தவறு. பறவைக்கும் தூக்கம் வேண்டும். விளக்கு வைத்த அன்றிரவே மூளையிலிருந்து ஆணை புறப்பட்டுவிடும். இரத்தத்தில் ஹார்மோன் ஏறுவது ஒரே நாளில் தெரிகிறது. ஆயினும் முட்டைப்பை மீண்டும் வளர்ந்து முட்டை வெளிவர இரண்டு, மூன்று வாரம் ஆகலாம். நான்காம் நாளே 'இந்த வித்தை பலிக்கவில்லை' என்று விளக்கை அணைத்துவிடாதீர்கள். ஓராண்டைத் தாண்டிய காடை எந்த விளக்குக்கும் முன்போல் முட்டையிடாது, அது முதுமை. இளங்காடையும் சில வாரம் ஓய்வெடுத்துக்கொண்டால் அது நோயாகாது.

குளிர் உண்மையிலேயே கடிப்பது எப்போது?

'தைப் பனி தரையைத் துளைக்கும்; மாசிப் பனி மச்சைத் துளைக்கும்' என்று நம் பெரியவர்கள் சொல்வது பொய்யா? பொய்யில்லை. சிறுமலைச் சாரலிலும் கொடைக்கானல் மலையடிவாரத்திலும் இரவில் குளிர்ந்த காற்று மலைச்சரிவு வழியே தாழ்வான இடங்களுக்கு வழிந்து இறங்கும். குளிர்காற்று கனமானது அல்லவா? ஆகையால் பள்ளத்தில் உள்ள தோட்ட வீட்டில் நகரைவிடக் குளிர் கூடுதலாக இருக்கும். கொடைக்கானலின் கதையோ வேறு. 2000 மீட்டருக்கு மேலே உள்ள அவ்வூரில் தை மாத இரவு வெப்பநிலை 10 டிகிரிக்கும் கீழே போகும். அங்குள்ள மாணவர்கள் கூண்டை வீட்டுக்குள் வைப்பதே நல்லது.

சமவெளியில் வளர்ந்த காடையை வருத்துபவை வாடையும் ஈரமும். காடை தன் இறகுகளைச் சிலிர்த்துக்கொண்டு அவற்றுக்கிடையே காற்றைச் சிறைப்பிடிக்கிறது. அசையாத காற்று வெப்பத்தைக் கடத்தாது. நம் கம்பளியின் தத்துவமும் இதுவே. இறகு நனைந்தால் காற்று இருந்த இடத்தில் நீர் புகுந்துவிடும். வாடைக்காற்று நேரே வீசினால் சிறைப்பட்ட காற்று கலைந்துவிடும். இரண்டிலும் கம்பளி கிழிந்த கதைதான். ஆகவே வடக்கிலும் கிழக்கிலும் மட்டும் இரவில் சாக்கைத் தொங்கவிடுங்கள், விடிந்ததும் சுருட்டிவிடுங்கள். அப்போதும் மேலே ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா வாயு வெளியேற வழி வேண்டாமா? கூண்டருகே குனிந்தால் உங்கள் கண் எரிகிறது என்றால், இரவெல்லாம் உள்ளேயே இருக்கும் பறவையின் நுரையீரலை எண்ணிப் பாருங்கள்.

தரையில் நெல் உமி அல்லது நிலக்கடலைத் தோலை இரண்டு விரற்கடை உயரம் பரப்புங்கள். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் உருண்டையாகப் பிடித்துக்கொண்டால் அது ஈரம், மாற்றிவிட வேண்டும். உதிர்ந்தால் நன்று.

கரி நெருப்பு மட்டும் கூடவே கூடாது. காற்றோட்டமில்லாத இடத்தில் கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுடன் அது ஆக்சிஜனைவிடப் பல மடங்கு இறுகச் சேர்ந்துகொள்கிறது. பறவை மட்டுமன்று, அதே அறையில் படுத்திருக்கும் மனிதரும் உறக்கத்திலேயே உயிரிழக்கலாம்.

குஞ்சுகளின் கணக்கு வேறு

இதுவரை சொன்னதெல்லாம் வளர்ந்த காடைக்கு. குஞ்சு வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படிக்க வேண்டும். மார்கழியில் சாகின்றவை பெரும்பாலும் குஞ்சுகளே.

அடைகாத்த 17-ஆம் நாள் அளவில் வெளிவரும் காடைக்குஞ்சின் எடை சுமார் 8 கிராம். வெப்பம் உண்டாவது உடலின் கன அளவில். வெளியேறுவது உடலின் பரப்பில். ஒரே வடிவமுள்ள இரு பொருள்களில், எடை 22 மடங்கு குறைந்தால் ஒரு கிராமுக்குரிய பரப்பு 22-இன் கனமூலம் அளவுக்கு, அதாவது ஏறக்குறைய 2.8 மடங்கு கூடும். தாய்க் காடையைவிடக் குஞ்சு, கிராமுக்குக் கிராம், அத்தனை மடங்கு பரப்பைக் குளிருக்குக் காட்டிக்கொண்டு நிற்கிறது! அதன் மேலிருப்பது இறகுமன்று, வெறும் பஞ்சு. உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளும் திறனும் அதற்கு இன்னும் வரவில்லை.

ஆகவே முதல் வாரம் குஞ்சுகளுக்கு 35 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்து, இறகு முளைத்ததும் நான்காம் வாரத்தில் நிறுத்திவிடலாம். நம் ஊரின் 20 டிகிரி இரவு தாய்க்கு இதம். குஞ்சுக்கு 15 டிகிரி பற்றாக்குறை.

இங்கேதான் இக்காலத்தில் பலர் ஏமாறுகிறார்கள். முன்பெல்லாம் பெட்டிக்குள் 60 வாட் குண்டு பல்பைத் தொங்கவிடுவார்கள். அது வாங்கும் மின்சாரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் வெப்பமாகவே வெளியேறும். விளக்கு என்று பெயரே தவிர, உண்மையில் அது ஒரு சிறு அடுப்பு. இன்று கடையில் கிடைப்பது எல்.இ.டி. விளக்கு. அது 9 வாட்டிலேயே அதே வெளிச்சத்தைத் தந்துவிடும். குஞ்சுக்கு வேண்டிய வெப்பத்தைத் தராது. பெட்டி பட்டப்பகல்போல் ஒளிர, குஞ்சுகள் விறைத்துக் கிடக்கும். வளர்ந்த காடைக்கு வெளிச்சம் போதும், அதற்கு எல்.இ.டி. சிறந்தது. குஞ்சுக்கு வேண்டியது வெப்பம். அதற்குக் குண்டு பல்பைத் தேடி வாங்குங்கள், அல்லது வெப்ப விளக்கை வாங்குங்கள். காகிதத்தையோ சாக்கையோ பல்பு தொடாதபடி கட்டுங்கள்.

வெப்பமானி இல்லையே என்கிறீர்களா? குஞ்சுகளே வெப்பமானிதான். விளக்கின் அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கத்தினால் குளிர். விளக்கைவிட்டு ஓரத்தில் ஒதுங்கி வாயைத் திறந்தால் சூடு. பெட்டி முழுதும் பரவலாக இரை பொறுக்கினால் சரி. விளக்கை இறக்கியும் ஏற்றியும் இதைச் சரிசெய்துகொள்ளலாம். இன்னொன்று: தண்ணீர்த் தட்டில் நாலைந்து கோலிக்குண்டுகளைப் போட்டுவையுங்கள். இல்லையேல் குஞ்சு அதில் இறங்கி நனைந்துவிடும். நனைந்த குஞ்சைப் பிழைக்க வைப்பது கடினம். முதல் வாரம் வழவழப்பான செய்தித்தாளைத் தரையில் விரித்தால் கால்கள் விலகி ஊனமாகிவிடும். பழைய சாக்குத் துணியே மேல்.

தீனியைப் பற்றி இரண்டு சொல்

வெறும் கம்பைப் போட்டுவிட்டு முட்டையை எதிர்பார்க்கக்கூடாது. கம்பில் புரதம் நூற்றுக்கு 11 பங்கு அளவே. முட்டையிடும் காடைக்கு 20 பங்கு வேண்டும். கடைகளில் கிடைக்கும் காடைத் தீனியே போதுமானது. கூடவே சிறு கிண்ணத்தில் கிளிஞ்சல் தூள் வைத்தால் முட்டையோட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து கிடைக்கும். உப்புக் கருவாட்டுத் தூள் ஆகாது. மழைக்காலத்தில் கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு உண்டாகும். 1960-இல் இங்கிலாந்தில் இத்தகைய புண்ணாக்கைத் தின்று ஒரு இலட்சம் வான்கோழிகள் மடிந்தன. மக்கிய வாடை வீசும் தீனியைத் தயங்காமல் எறிந்துவிடுங்கள். மாலையில் விளக்கு எரியும் நேரத்தில் தீனித் தட்டு நிறைந்திருக்கட்டும். தீனிப்பை நிறைந்த பறவை இரவெல்லாம் அதைச் செரித்தே சூடாக இருக்கும்.

நீங்களே செய்து பார்க்க

ஆறு பெட்டைக் காடைகள் இருந்தால் அவற்றை மும்மூன்றாக இரு கூண்டுகளில் விடுங்கள். ஒரே வயது, ஒரே தீனி, ஒரே தாழ்வாரம். இரண்டு கூண்டுக்கும் நடுவே ஒளி புகாத அட்டையை நிறுத்துங்கள். ஒரு கூண்டுக்கு மட்டும் நாள்தோறும் இரவு எட்டரை வரை விளக்கு. மற்றதற்கு இயற்கைப் பகல் மட்டும். ஒரு குறிப்பேட்டில் தேதி, அதிகாலை வெப்பநிலை, மேகமா வெயிலா, ஒவ்வொரு கூண்டின் முட்டை என்று நான்கு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். முட்டையைக் காலையில் தேடிப் பயனில்லை. கோழியைப் போலன்றிக் காடை பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலுமே முட்டையிடும். விளக்கை அணைக்கப் போகும்போது எண்ணிக் குறியுங்கள்.

முதல் இரண்டு வாரக் கணக்கைத் தனியே வையுங்கள். அது விளக்கு வேலை செய்யத் தொடங்கும் காலம். மூன்றாம் வாரத்திலிருந்து ஆறாம் வாரம்வரை உள்ளதை இரு கோடுகளாக வரைபடத் தாளில் வரைந்து, அதற்குக் கீழே வெப்பநிலைக் கோட்டையும் வரையுங்கள். அதிகக் குளிரடித்த நாள்களில் விளக்குக் கூண்டின் கோடு கீழே இறங்கியிருக்கிறதா? இறங்கவில்லையென்றால், கூண்டைச் சுற்றியிருக்கும் சாக்கை அவிழ்த்துவிடும்படி வீட்டாரிடம் அந்த வரைபடத்தைக் காட்டியே சொல்லலாம்.